உவமை யாருடைய கண்? கதை எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் ஞாயிறு சாயங்காலம் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். ஒருவர் எழுதிய கதையை வாசிப்பார், மற்றவர்கள் பேசுவோம். கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். வெள்ளிப் பட்டறைக்காரர் ஒருவர் வருவார். ஏற்காட்டு எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒரு அக்கா, திரும்பிப் போகிற பஸ்ஸைக் கணக்குப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அணி, படிமம், பாத்திரம் பற்றி இவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதையும், நான் ஒரு தமிழ் வாத்தியாராகவும் கதை எழுதுபவனாகவும் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

உவமை, உருவகம் எல்லாம் படித்தவர்கள் சமாசாரம்தானே? கதையை நேராகச் சொன்னால் போதாதா?

நேராகச் சொல்லிப் பாருங்கள், நாலு வாக்கியம் தாண்டாது. ஏற்காடு பஸ் ஏறினால் நடத்துநர் முதலில் 'அடிவாரம்' என்று கூவுகிறார். அடி என்றால் பாதம். மலைக்குப் பாதம் உண்டு என்று யாரோ ஒருவர் என்றைக்கோ பார்த்திருக்கிறார். அங்கிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். தலையில் செருகியிருந்த ஊசி மலைப்பாதையில் வந்து படுத்துக்கொண்டது. நாற்காலிக்குக் கால், ஊசிக்குக் காது, சீப்புக்குப் பல், பானைக்கு வாய் என்று நாம் அன்றாடம் பேசுவதில் எவ்வளவோ உருவகம் கலந்து கிடக்கிறது. பள்ளிக்கூடம் போகாத என் பாட்டி ஒருவரைப் பற்றி, 'அவன் பேச்சு உமி மூட்டை. பாக்கப் பெருசு, தூக்கினா கனமே இல்லை' என்பார். எந்த இலக்கணமும் அவருக்குத் தெரியாது. நெல் அரைத்த வீட்டில் உமி மூட்டையைத் தூக்கிப் பார்த்தவர், அவ்வளவுதான்.

உவமைக்கும் உருவகத்துக்கும் என்ன வித்தியாசம்?

உவமையில் இரண்டு பொருள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது உவமேயம், அதை விளக்க எதைக் கொண்டு வருகிறோமோ அது உவமானம். உருவகத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். 'மலர்முகம்' என்றால் மலர் போன்ற முகம், உவமை. 'முகமலர்' என்றால் முகமாகிய மலர், உருவகம். சொல் இடம் மாறியதும் அணியே மாறிவிட்டது.

போல, புரைய, ஒப்ப, அன்ன என்று நன்னூல் 12 உவம உருபுகளைப் பெயர் சொல்லி அடுக்கி, 'பிறவும்' உண்டு என்கிறது. நம் வீட்டில் புழங்குவது இரண்டுதான்: 'மாதிரி', 'ஆட்டம்'. 'பேயாட்டம் நிக்கறான் பாரு' என்று ஒரு அம்மா சொன்னால் அதில் உவமை முழுசாக இருக்கிறது. கதையில் உரையாடலுக்குள் 'ஆட்டம்' வந்தால் விட்டுவிடுங்கள், அதைத் திருத்திப் 'போன்று' ஆக்க வேண்டாம்.

எதை எப்போது எழுதுவது என்றும் கேட்பார்கள். 'போல' என்று சொல்ல ஒரு நிதானம் வேண்டும். பதற்றத்தில் இருப்பவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க நேரம் இருக்காது. பயந்த குழந்தைக்கு இருட்டில் கொடியில் தொங்கும் சட்டை ஆள் மாதிரி தெரியாது. அது ஆள்தான். அந்த இடத்தில் 'போல' எழுதினால் பயம் போய்விடும்.

நல்ல உவமை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தொல்காப்பியம் உவமைக்கு நான்கு அடிப்படை சொல்கிறது: வினை, பயன், மெய், உரு. செயல், பலன், வடிவம், நிறம். பழுத்த காபிப் பழத்தைப் பவளம் என்றால் நிறம். கடனில் மூழ்கியிருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த மாமாவை மழை என்றால் பலன். எழுதிய உவமை இந்த நான்கில் எதன் மேல் நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். எதன் மேலும் நிற்காதவை தானாக விழுந்துவிடும்.

அதையும் தாண்டியது என்றால், அப்புறம் நான் கேட்பது ஒன்றுதான். இதைப் பார்ப்பது யார்?

சேலத்திலிருந்து ஏற்காடு மலைப்பாதையை மூன்று பேர் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்பவருக்கு அது இழுத்து வளைத்துப் போட்ட கம்பி. எத்தனையோ வருஷம் அதில் பஸ் ஓட்டியவருக்கு அது ஒரே பாதை கிடையாது. ஒவ்வொரு வளைவும் அவருக்குத் தனித்தனி ஆள்; ஒன்று சாது, ஒன்று முரடு, ஒன்றை மழையில் நம்பக் கூடாது. மேலேயிருந்து கல்யாணமாகிக் கீழே வந்த பெண்ணுக்கு அது அம்மா வீட்டுக் கொடியிலிருந்து காற்றில் நழுவி விழுந்த சேலை. மலை ஒன்று, பாதை ஒன்று. உவமானம் வேறாகும்போது பார்த்த ஆள் யார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவருடைய வயது, தொழில், ஏக்கம் எதையும் தனியாக எழுத வேண்டியதில்லை.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தப்பிலிருந்து. எஸ்டேட்டில் மிளகு பறிக்கும் பெண்ணைப் பற்றி ஒரு கதை எழுதினேன். காலையில் கதவைத் திறந்ததும் பனி கடல் போல் விரிந்து கிடந்தது என்று ஒரு வரி. வாசித்து முடித்ததும் ஏற்காட்டு அக்கா, 'சார், அந்தப் பொண்ணு கடல் பாத்திருக்காளா?' என்று கேட்டார். கதையில் அவள் மலையை விட்டு இறங்கியதே சேலம் ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை மட்டும். 'அப்ப இது நீங்க பாத்த கடல்' என்றார். அந்த வரியை அடித்துவிட்டு, ஈர விறகு வைத்த அடுப்பங்கரைக்குள் நிற்பது போல இருந்தது என்று மாற்றினேன். பனி அவள் வீட்டுக்குள் வந்துவிட்டது.

'நிலா முகம்', 'பஞ்சு மேகம்' என்று எழுதவே கூடாதா?

முதலில் சொன்னவருக்கு அது கண்டுபிடிப்பு. நமக்கு அது நாணயம். பல கை மாறி முகம் தேய்ந்துபோனது. இதைத் தேய்வழக்கு என்கிறோம். வாசிப்பவர் அதைப் படிக்க மாட்டார், தாண்டிப் போய்விடுவார். நீங்கள் காட்ட நினைத்த முகமும் அதோடு போய்விடும்.

ஆனால் தேய்ந்ததைத் திரும்பத் தீட்டவும் முடியும். 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்கிறோம் அல்லவா, அதை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வட்டத்து வெள்ளிப் பட்டறைக்காரருக்கு அது உருவகமே இல்லை, தினப்படி வேலை. இரண்டு துண்டு வெள்ளி சேரும் இடத்தில் பற்றுப்பொடியை வைத்து, நெருப்பை ஊதிக் காட்டுவார். பொடி முதலில் பொங்கும், அப்புறம் ஒரு நொடி பளிச்சென்று ஓடி இடுக்கில் இறங்கும், பிறகு கண்ணுக்கே தெரியாது. ஒட்டிய இடம் எது என்று விரலால் தடவினாலும் பிடிபடாது. அவர் எழுதிய கதையில் ஒரு மைத்துனன், தம்பதிக்கு நடுவே ஒரு வார்த்தையைப் 'பொடி வைத்த மாதிரி' வைக்கிறான். அது ஓடி, உள்ளே இறங்கி, மறைகிறது. நாங்கள் எல்லோரும் ஆயிரம் தடவை சொன்ன வழக்கு, அன்றைக்குத்தான் அதன் சூட்டோடு கேட்டோம்.

படிமம், குறியீடு இரண்டும் ஒன்றா?

இல்லை. படிமம் புலனில் படுவது. எவர்சில்வர் டம்ளரின் வெளிப்புறம் வியர்த்து, மேசையில் ஒரு வட்டம் பதிந்திருந்தது என்று எழுதினால் கண்ணும் விரலும் அதை அறிந்துகொள்கின்றன. அதற்கு மேல் அது எதையும் குறிக்க வேண்டியதில்லை.

குறியீடு ஒரே வரியில் பிறக்காது. கதைக்குள் அது திரும்பத் திரும்ப வந்து, வருகிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பாரம் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒரு கொலுசை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா பட்டறையில் வேலை செய்கிறார். மகள் வீட்டில் எந்த மூலையில் இருக்கிறாள் என்று அவருக்குக் கொலுசுச் சத்தம் சொல்லும். சத்தம் நின்றால் தலையைத் தூக்குவார். இது முதல் தடவை. மகள் வேலைக்குப் போக ஆரம்பிக்கிறாள். சத்தம் போடுகிறது என்று கொலுசைக் கழற்றி வைக்கிறாள். வீடு அவருக்குப் பிடிபடாமல் போகிறது. இது இரண்டாவது. மூன்றாவதில் அவள் வேறு ஊரில் இருக்கிறாள். அவர் ஏதோ ரசீது தேடி மேசை இழுப்பறையைத் திறக்கிறார், உள்ளே கொலுசு உருண்டு சத்தம் கேட்கிறது, அவர் தலையைத் தூக்குகிறார்.

அங்கே நிறுத்த வேண்டும். 'அந்தக் கொலுசு அவருடைய தனிமையின் அடையாளம்' என்று ஒரு வரி சேர்த்தால் போச்சு.

திணை, உள்ளுறை, இறைச்சி எல்லாம் சங்கப் பாட்டோடு முடிந்தவை அல்லவா? இன்றைய சிறுகதைக்கு அதில் என்ன இருக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நம் மரபில் நிலம் வெறும் பின்னணியாக இருந்ததே இல்லை. முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரித்தார்கள். நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கே உள்ள தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் போன்றவை கருப்பொருள். அங்கே வாழும் மனசுக்குள் நடப்பது உரிப்பொருள். மலை என்றால் குறிஞ்சித் திணை. கூடல் அதன் உரி, நள்ளிரவு அதன் பொழுது. வெளியே இருப்பதையும் உள்ளே இருப்பதையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டார்கள்.

சேலத்துக்காரர்களுக்கு இதைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. கீழே பஸ் நிலையத்தில் வெயில் பிடரியில் அறைகிறது. ஒரு மணி நேரம் போல ஏறினால் சேர்வராயன் மலையில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, அதன் நிழலில் காபி. ஒரே நாளில் இரண்டு திணையில் இருந்துவிட்டு வர முடிகிற ஊர் நம்முடையது. கீழே ஒருவருக்கொருவர் பேசாத கணவனும் மனைவியும் மேலே போனால் எதைப் பேசுவார்கள், எந்த வளைவில் பேச ஆரம்பிப்பார்கள் என்று யோசித்தாலே ஒரு கதை கிடைக்கும்.

உள்ளுறைக்கு வருவோம். கருப்பொருளை மட்டும் சொல்லி, அதற்குள் வேறொன்றை ஒளித்து வைப்பது உள்ளுறை. தெய்வத்தை மட்டும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று தொல்காப்பியம் விலக்கி வைத்தது. ஒரு மாதிரி சொல்கிறேன். இரவில் வந்து போகிற காதலனிடம் தோழி கோபமாக இருக்கிறாள். நேரே திட்டவில்லை. 'ராத்திரி காட்டெருமை தோட்டத்துக்குள்ள வந்துட்டுப் போயிருக்கு. செடியெல்லாம் மிதிபட்டுக் கிடக்கு. விடியறதுக்குள்ள அது சோலைக்குள்ள போயிருச்சு. காலைல எல்லாரும் செடியைத்தான் வந்து பாக்கறாங்க' என்கிறாள். எருமை யார், செடி யார், பார்க்க வருகிறவர்கள் யார் என்று அவனுக்குப் புரியும். கேட்டுக்கொண்டிருக்கும் பெரியம்மாவுக்குப் புரியாது.

இறைச்சி இன்னும் மெல்லியது. இப்படி ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. அவன் மலையில் ஆண் குரங்குகூடப் பெட்டைக்குப் பழம் பறித்துக் கொடுக்கும் என்று அவள் சொல்கிறாள், அவ்வளவுதான். அவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் குத்து அவனுக்குத்தான்.

மரம் பேசுவது, மலை தூங்குவது எல்லாம் எந்த அணி?

உயிரில்லாததற்கும் பேசாததற்கும் மனித குணம் ஏற்றுவது பொதுவான வகை. அதற்குள் தற்குறிப்பேற்றம் தனி. இயல்பாக நடக்கும் ஒன்றின் மேல் எழுதுபவர் தன் கருத்தை ஏற்றிச் சொல்வது அது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த உதாரணம் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. மதுரைக் கோட்டையின் கொடிகள் காற்றில் ஆடுகின்றன; கோவலனையும் கண்ணகியையும் 'வராதீர்கள்' என்று கை காட்டி மறிப்பது போல ஆடுகின்றன என்கிறார் இளங்கோ. காற்று காற்றாகத்தான் அடிக்கிறது. நடக்கப்போவது தெரிந்தவருக்கு மட்டும் கொடி கை ஆகிறது.

இன்றைய கதையில் இதை எழுதும்போது, அந்த எண்ணம் எழுத்தாளருடையதா பாத்திரத்துடையதா என்று பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டை விட்டுப் போகிற பையனுக்கு, ஜன்னல் கம்பியில் சிக்கிய துண்டு தன்னைப் பிடித்து இழுப்பதாகத் தோன்றலாம். அது அவனுடைய குற்ற உணர்ச்சி. எழுத்தாளர் வெளியே நின்று 'மலையும் அழுதது' என்றால் அது மழைதான்.

ஆகுபெயர், உயர்வு நவிற்சி, இரட்டைக்கிளவி இவையெல்லாம் கதைக்கு உதவுமா?

ஒன்றின் பெயர் அதோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு ஆகி வருவது ஆகுபெயர். அது தானாக வந்துவிடும், தேட வேண்டாம். 'கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு சேலமே திரண்டது' என்றால் இடவாகுபெயர். 'தலைக்கு இருநூறு ரூபாய்' என்றால் சினையாகுபெயர். 'சுவருக்கு வெள்ளை அடி' என்றால் பண்பாகுபெயர்.

உயர்வு நவிற்சி, அதாவது மிகைப்படுத்திச் சொல்வது, பேச்சில் அழகு, எடுத்துரைப்பில் ஆபத்து. ஒரு மாமா 'இந்த மாம்பழத்துக்கு உசுரையே குடுக்கலாம்' என்று சொல்லட்டும். கதை சொல்பவரும் அதே குரலில் பேசினால் எதை நம்புவது என்று தெரியாது.

இரட்டைக்கிளவியும் அடுக்குத்தொடரும் குழம்பும். 'சலசல', 'கலகல' பிரித்தால் பொருள் தராது, இரட்டைக்கிளவி. 'பாம்பு பாம்பு', 'வா வா' பிரித்தாலும் பொருள் தரும்; அடுக்குத்தொடர். ஒரு பக்கத்தில் நாலு 'சலசல' இருந்தால் மூன்றை எடுத்துவிட்டு, அந்தச் சத்தம் எதிலிருந்து வருகிறது என்று எழுதுங்கள்.

முரண்நகையும் வஞ்சப்புகழ்ச்சியும் ஒன்றா?

சொல்லில் இருப்பது வஞ்சப்புகழ்ச்சி. புகழ்வது போல் பழிப்பது, பழிப்பது போல் புகழ்வது. இதற்கு நமக்குப் பக்கத்து ஊர்க் கதையே இருக்கிறது. தகடூர், அதாவது இன்றைய தருமபுரி, அதியமானுடைய ஊர். அவனுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போகிறார். தொண்டைமான் தன் ஆயுதக் கிடங்கைக் காட்டுகிறான். ஔவை பார்த்துவிட்டுச் சொன்னது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. உன் ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவலுள்ள இடத்தில் இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து எப்போதும் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். ஒரு குறை வார்த்தை கிடையாது. உன் ஆயுதம் போரே பார்த்ததில்லை என்ற செய்தி தொண்டைமானுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நெய் பூசிய காம்பும் முறிந்த நுனியும் அடுத்தடுத்து நிற்கின்றன, அவ்வளவுதான் செய்தார். உரையாடல் எழுதப் பழகுபவர்கள் இந்தப் பாட்டைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

முரண்நகை நிலைமையில் இருப்பது. பார்ப்பவருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாது. நம் பக்கத்துப் பாரதக் கூத்தில் அரவான் களப்பலி நடக்கும் இரவைப் பார்த்திருப்பீர்கள். விடிந்தால் அவன் இல்லை என்று முன்வரிசையில் படுத்திருக்கும் குழந்தைக்கும் தெரியும். அவனுக்குக் கல்யாணம் நடக்கும்போது கூட்டம் அமைதியாகிறது. முடிவு தெரிந்தால் சுவாரசியம் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் அந்த அமைதியைக் கேட்க வேண்டும்.

பின்னால் நடப்பதை முன்னாலேயே உணர்த்துவது எப்படி?

வாசிப்பவர் அதைக் கவனித்திருக்க வேண்டும், ஆனால் சந்தேகப்பட்டிருக்கக் கூடாது. மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் பிரேக் லைனிங் கருகும் வாசனை நமக்கெல்லாம் பழக்கம். கதையின் முதல் பக்கத்தில் ஒரு பெண், அந்த வாசனை குழந்தைக்கு ஆகாது என்று ஜன்னலை மூடுகிறாள். வாசகர் அவளை நல்ல அம்மா என்று நினைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போவார். வாசனை உள்ளே இருக்கும். 'நடக்கப்போவதை அவள் அறியவில்லை' என்ற வரி இதைக் கெடுத்துவிடும்.

தொல்படிமப் பாத்திரம் என்றால் என்ன? பழகிப்போன வார்ப்புக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

ஊர் ஊராக, மொழி மொழியாக, தலைமுறை தலைமுறையாகத் திரும்ப வரும் பாத்திர வடிவங்களைத் தொல்படிமம் என்கிறார்கள். புறப்பட்டுப் போகிற வீரன், வழி காட்டும் கிழவி, உருவம் மாற்றும் எத்தன், காக்கவும் அழிக்கவும் தெரிந்த தாய். உளவியலில் இதைப் பற்றி விரிவாகப் பேசியவர் கார்ல் யுங். ரஷ்ய ஆய்வாளர் விளாதிமிர் பிராப் 1928இல் ரஷ்ய மாயக் கதைகளைப் பிரித்துப் பார்த்து, 31 செயல்களும் 7 பாத்திர வகைகளும் அவற்றில் திரும்ப வருகின்றன என்று காட்டினார். போலி நாயகன் அதில் ஒரு வகை. வேலையை வேறொருவர் செய்ய, பெயரைத் தான் வாங்கிக்கொள்ள வருபவன். நம் அலுவலகக் கதைகளுக்கு உடனே பொருந்தும்.

ஆனால் இவர்களுக்கெல்லாம் வெகு காலம் முன்பே நம்மிடம் ஒரு ஏற்பாடு இருந்தது. அகப்பாட்டில் வருகிறவர்களுக்குப் பெயர் கிடையாது. தலைவன், தலைவி, தோழி, செவிலி, நற்றாய், பாங்கன். ஒருவர் பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் இல்லாததால்தான் யார் வேண்டுமானாலும் அந்த இடத்தில் நிற்க முடிந்தது. இன்னும் ஒன்று பாருங்கள். பெயரே இல்லாத ஒரு தோழி, பாட்டுக்குப் பாட்டு வேறு ஆளாக இருப்பாள். ஒருத்தி கேலி செய்வாள், ஒருத்தி பொய் சொல்லிக் காப்பாற்றுவாள், ஒருத்தி அவனை வெளியே நிற்க வைத்துக் கேள்வி கேட்பாள். இடம் பொதுவானது, குரல் தனியானது.

வார்ப்பில் இந்தக் குரல் இருக்காது. ஆடி மாதம் சேலம் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை பார்த்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். அலங்கார வண்டிகளில் தெய்வ வேடங்கள் வரும். வேலைப் பார்த்தால் முருகன், சூலத்தைப் பார்த்தால் அம்மன் என்று நூறு அடி தூரத்திலேயே தெரிந்துவிடும். அதுதான் தொல்படிமத்தின் பலம். ஒரு வருஷம் என் பக்கத்தில் ஒரு வண்டி நின்றது. பார்வதி வேடத்தில் பன்னிரண்டு வயசுப் பையன். ஒரு கையால் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு, மெல்லக் குனிந்து, கீழே நின்ற தங்கச்சிக்குத் தன் பாப்கார்ன் பொட்டலத்தைக் கொடுத்தான். அவள் வாங்கியதும் நிமிர்ந்து மறுபடியும் அருள் பாலித்தான். அந்த ஒரு நொடி இருந்தால் பாத்திரம். இல்லையென்றால் கிரீடம் மட்டும்தான்.

கூத்தில் வரும் கட்டியங்காரன் எந்த வகை?

கோமாளி, எத்தன், சாட்சி மூன்றும் சேர்ந்தவர். ராஜா வருவதை அறிவிப்பார், ராஜாவையே கேலி செய்வார், மகாபாரதத்தின் நடுவே உங்கள் ஊர்க் குடிதண்ணீர்ப் பிரச்சினையைக் கேட்பார். கதைக்கு உள்ளேயும் வெளியேயும் நிற்க அவருக்கு உரிமை உண்டு. உங்கள் கதையில் எல்லோரும் மூடி மறைக்கும் ஒன்றைப் போகிறபோக்கில் உடைக்கும் சித்தப்பாவோ, டீக்கடைக்காரரோ இருந்தால் அவர் கட்டியங்காரனின் பேரன். அவரை வெறும் சிரிப்புக்காக வைத்து வீணாக்காதீர்கள்.

இரண்டு நாயகர்கள் இருந்தால் எப்படி வேறுபடுத்துவது?

கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையைக் கேளுங்கள். உடுக்கை அடித்து இரவெல்லாம் பாடுவார்கள். பொன்னர் பொறுமை, சங்கர் வேகம். அண்ணனின் நிதானம் தம்பியின் கோபத்தைக் காட்டுகிறது, தம்பியின் கோபம் அண்ணனின் நிதானத்துக்கு என்ன விலை என்று காட்டுகிறது. நடுவே தங்கை. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், ஒரே சிக்கல், இரண்டு பதில். இதைத்தான் எதிரிணைப் பாத்திரம் என்பது. குணத்தைப் பட்டியல் போடாமல் ஒரே சிக்கலை இருவர் முன்னாலும் வையுங்கள்.

ஒரே முகத்தில் இரண்டு ஆள் என்ற இரட்டையர் படிமத்துக்கும் சேலத்தில் ஒரு தொடர்பு உண்டு. ஏற்காடு சாலையில் நுழைவாயில் வளைவு மட்டும் மிஞ்சி நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற சினிமா நிறுவனம், 1940லேயே ஒரே நடிகரை இரட்டை வேடத்தில் காட்டியது.

கதைகளில் ஏன் எப்போதும் மூன்று அண்ணன் தம்பி, மூன்று வரம்?

இரண்டு தடவை நடந்தால் பழக்கம் உண்டாகும், மூன்றாவதில் அதை உடைக்கலாம். கேட்பவர் நினைவில் வைத்துக்கொள்ளவும் மூன்று வசதி. சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்களின் பூர்வீக வழக்கிலும் மூன்று சகோதரர்கள் வருகிறார்கள். காஞ்சியிலிருந்து வந்தவர்களில் பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் தங்கினார்கள் என்பது அது. மூன்று மலைகளும் உறவாகிவிடுகின்றன. அந்த மக்களுக்கு அது தங்கள் வரலாறு. வடிவத்தைப் பற்றிப் பேசும்போது அந்த மரியாதையோடு பேச வேண்டும்.

என் கதையில் மாமியார் வந்தால் கொடுமைக்காரி ஆகிவிடுகிறார். எப்படித் தப்பிப்பது?

அவர் தனியாக இருக்கும் ஒரு காட்சியை எழுதிப் பாருங்கள். கதையில் அது வராவிட்டாலும் பரவாயில்லை. மத்தியானம், வீட்டில் யாரும் இல்லை. அவர் என்ன செய்கிறார்? நம் வட்டத்துப் பெண் ஒருத்தி எழுதியது இது: மாமியார், மருமகள் மடித்து வைத்த துணிகளைப் பிரித்து மறுபடியும் மடிக்கிறார். அதுவரை கொடுமை. பிறகு தன் பழைய சேலை ஒன்றை எடுத்து, மருமகள் மடிக்கும் விதத்தில் மடித்துப் பார்க்கிறார். சரியாக வரவில்லை. சேலையைப் பிரித்து மறுபடியும் முயல்கிறார். இதற்கப்புறம் அவர் கதையில் என்ன சத்தம் போட்டாலும் நமக்கு அந்தச் சேலை ஞாபகம் இருக்கும்.

ஒரு கதையில் எத்தனை உவமை இருக்கலாம்?

எண்ணிக்கை கிடையாது. ஒரே பத்தியில் இரண்டு இருந்தால் ஒன்று மற்றதைத் தின்னும். பலமானதை வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வுக்குப் படிக்கிறேன். அணி கேட்டால் எப்படி எழுதுவது?

அணியின் இலக்கணம், பாட்டு, பாட்டின் பொருள், இலக்கணம் அதில் எங்கே பொருந்துகிறது. இந்த வரிசை போதும். கடைசிப் பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் பொருளணிகளை 35 என்று சொல்கிறது. மனப்பாடம் செய்வதற்கு முன் பத்து அணிக்காவது சொந்த உதாரணம் எழுதிப் பாருங்கள், மறக்காது.

சின்னப் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லித்தருவது?

பெயர் சொல்லாமல் ஆரம்பியுங்கள். ஒரு மார்கழிக் காலையில் பிள்ளைகளை ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்ற மலைமுனைக்குக் கூட்டிப் போனோம். கீழே சேலம் தெரியவில்லை, பள்ளத்தாக்கு முழுக்கப் பனி நிறைந்து கிடந்தது. 'இது எது மாதிரி இருக்கு? புத்தகத்துல படிச்சதைச் சொல்லக் கூடாது' என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. ஏற்காட்டுப் பையன் ஒருவன், 'எங்க ஆயா மாதிரி. சத்தமில்லாம வந்து எல்லாத்துக்கும் போத்தி விட்டுட்டுப் போயிரும்' என்றான். கீழேயிருந்து வந்த ஒரு சிறுமி, அவள் வீட்டுக்குப் பக்கத்தில் சேகோ பேக்டரி இருக்கிறது, கைப்பிடிக் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். 'ஜவ்வரிசி காயப்போட்ட களம் சார்' என்றாள். பிறகு, 'மிதிச்சா திட்டுவாங்க' என்றாள்.